வதிவிடப் பணிப்பாளர்

எங்கள் வீட்டு ஹோலில் கடற்காற்று நன்றாக வரும். வழக்கை விசாரிக்கும் காதியார் அவர்கள் முதலில் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கல்முனையில் கடற்கரைக்கு இரண்டு வீதி தள்ளி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. ஆனால் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கிழக்கு ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டால் மின்விசிறியே வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஹோல் எங்களுடையது. அந்த ஜன்னல்கள் அந்த இடத்தில்தான் வர வேண்டும் என்று மேசனுடன் மூன்று நாள் சண்டை பிடித்தவள் நான்.

என் பெயர் ஸம்ஸியா. வயது ஐம்பத்தொன்பது. இந்த வழக்கைப் போட்டிருக்கும் றிப்னாவின் உம்மா. எதிராளி முர்ஷித்தின் மாமி. சட்டத்தரணி சாமித்தம்பி சேரின் கந்தோரில் இருபத்தேழு வருடம் லிகிதராக இருந்தேன். வாயால் சொல்வதை எழுதுகிறவர்கள் எப்படிச் சுருக்கிவிடுவார்கள் என்று அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் என் வாக்குமூலத்தை நானே எழுதிக்கொண்டு வந்து, இந்தத் திரைக்குப் பின்னால் இருந்து வாசிக்கிறேன். றிப்னா என் பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். திரைக்கு அந்தப் பக்கம், ஆண்கள் இருக்கும் பக்கம், மருமகனும் இந்தியாவில் இருந்து வந்திருக்கிறார். யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தச் செருமலை எனக்குத் தெரியும்.

என்னைக் கூப்பிட்டது சின்ன விடயத்துக்கு. புருஷன் இரண்டரை வருடமாகத் தன்னை விட்டுவிட்டு இந்தியாவில் இருக்கிறார், நிக்காஹை முறித்துத் தாருங்கள் என்று றிப்னா கேட்டிருக்கிறாள். அவர் வரவில்லை என்று நான் சாட்சி சொன்னால் போதும். சொல்லலாம், ஒன்பது நாளைத் தவிர அது உண்மைதான். அவர் ஏன் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவரை வரவிடாமல் செய்தது நான்.

கோபத்தில் செய்யவில்லை. மருமகன் நல்ல பிள்ளை. சிகரெட் கிடையாது, சத்தம் கிடையாது, என் கையால் சமைத்ததில் ஒருநாளும் உப்புக் கூட, உப்புக் குறைய என்று சொன்னது கிடையாது. அவரிடம் எனக்கிருந்த ஒரே குறை, அவர் வீட்டில் இருந்தார் என்பதுதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் வழக்கப்படி மகளுக்கு வீட்டை உறுதி எழுதிக் கொடுக்கிறோம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்கிறார். உம்மாவும் வாப்பாவும் பின்பக்கத்து அறைக்குப் போய்விடுகிறோம். றிப்னாவின் உறுதியை நானே தட்டச்சுச் செய்தேன், ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. மருமகன் இருக்கும் இடத்துக்கு மாமி வருவதில்லை, முகத்துக்கு முகம் கதைப்பதில்லை, கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லி அனுப்புவது. இதுவும் வழக்கம். என் உம்மாவுக்கு இதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. என் கணவர் சீனிமுகம்மது விடியற்காலையில் வயலுக்குப் போனால் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் திரும்புவார். பகல் முழுக்க ஹோல் உம்மாவுடையது. மாப்பிள்ளைமார் வேலைக்குப் போவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வழக்கத்தை உண்டாக்கியிருக்கிறார்கள்.

என் மருமகன் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தே வேலை பார்த்தார். மருதமுனையில் நெய்கிற, ஆண்கள் உடுக்கிற கைத்தறிச் சாரங்களைப் போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டு விற்பார். கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, என் கதிரையில், மடியில் கணினியுடன். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்துக்குத்தான் எழும்புவார். நடுவில் தொழுகைக்குப் பள்ளிக்குப் போவார். அந்தக் கால் மணி நேரத்தில் நான் குசினியில் இருந்து ஓடிவந்து கதிரையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவேன். கதிரை சூடாக இருக்கும்.

பதினான்கு மாதம் இப்படிப் போனது. என் வீட்டு வாசலுக்குப் போக நான் கோழிக்கூட்டைச் சுற்றிப் போனேன். என்னைப் பார்க்க வந்தவர்களைக் குசினியில் பலகைக்கட்டையில் உட்கார வைத்தேன். என் கணவர் ஆண் என்பதால் தப்பிக்க வழியிருந்தது. இறக்காமத்து வயலில் யானை வருகிறது, காவல் இருக்க வேண்டும் என்று வாடிக் குடில் ஒன்று போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அறுவடை முடிந்த பிறகும் அவருக்கு யானை வந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்பெல்லாம் அஸருக்குப் பிறகு றிப்னாவும் நானும் அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து கச்சான் கடலை உடைத்துத் தின்போம். அவள் பள்ளிக்கூடக் கதை சொல்லுவாள், பிறகு கம்பஸ் கதை சொன்னாள். கலியாணத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் மருமகனுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அது அவள் கடமை. எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் நான் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது றிப்னா குசினிக்குள் வந்தாள்.

"உம்மா, அவர் இந்தியாவுல யாவாரம் தொடங்கப் போறாராம். ஈரோட்டுப் பக்கம் நம்மட சாரத்துக்கு நல்ல கிராக்கி இரிக்காம். பங்குடைமையாப் போடுறதா, கம்பனியாப் போடுறதா எண்டு மாமிக்கிட்டக் கேட்டுச் சொல்லட்டாம். நீங்க லோயர்ட கந்தோர்ல இருந்தவதானே."

"வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்றன் எண்டு சொல்லு மகள்" என்றேன்.

ஒரு கிழமை வாசித்தேன். நேர்மையாக வாசித்தேன் என்பதைக் காதியார் அவர்கள் நம்ப வேண்டும். சாதாரண பங்குடைமை என்றால் இரண்டு பேர் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைத்தால் ஆயிற்று. ஆனால் நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர் அதில் முதலிடுவதென்றால் அந்த நாட்டு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். போதாததற்கு வியாபாரம் விழுந்தால் பங்காளியின் சொந்தச் சொத்தும் சேர்ந்து போகும். அதை ஒதுக்கினேன்.

அடுத்தது வரையறுத்த பொறுப்புடைய பங்குடைமை. அதில் சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லை, கடதாசி வேலையும் குறைவு. பொறுப்பாக நியமிக்கும் பங்காளிகள் இருவரில் ஒருவர் நிதியாண்டில் நூற்றிருபது நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். சாமித்தம்பி சேர் உயிரோடிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். மருமகனின் சாரக் கடைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

கடைசியில் தனியார் கம்பனி. அதற்கு இரண்டு பணிப்பாளர்கள் வேண்டும். கூட்டம், தீர்மானம், வருடாந்தப் படிவம் என்று வேலை அதிகம். பணிப்பாளர்களில் ஒருவர் நிதியாண்டில் நூற்றெண்பத்திரண்டு நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும்.

இரண்டுக்கும் வித்தியாசம் அறுபத்திரண்டு நாள். நான் அந்த இலக்கத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டு அஸர்.

"கம்பனி எண்டாத்தான் மரியாதையாம், உம்மா சொல்றா" என்று றிப்னா போய்ச் சொன்னாள். மருமகன் சந்தோஷப்பட்டார். ஒன்றுமே தொடங்காமல் சாரத்தை இங்கிருந்து அனுப்பி ஈரோட்டு வியாபாரிகளுக்கு விற்றிருக்கலாம். அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மருமகனும் றிப்னாவும் பணிப்பாளர்கள், இருவர் பெயரிலும் பங்கு. நாற்பத்தொரு இடத்தில் கையெழுத்து வாங்கினேன். கதவிடுக்கால் நான் கடதாசியை நீட்ட, றிப்னா வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பாள். அவர் ஒன்றையும் வாசிக்கவில்லை. இந்தத் தலைமுறைக்குப் போனில் "சம்மதம்" என்ற பெட்டியை அமத்திப் பழகிப்போய்விட்டது. மாமி வாசித்திருக்கிறா என்றால் அவருக்குப் போதும். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் இளகும்.

கம்பனியைப் பதிந்து கொடுத்தவர் திருச்சியில் ஓர் ஆடிட்டர். எழுத்து வேலை எல்லாம் என் பொறுப்பு என்பதால் கடிதங்கள் எனக்குத்தான் வரும். அவர் நல்ல மனிதர், கேட்காததையும் சொல்லுவார். ஒரு கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: "இந்தியாவில் வசிக்கும் பணிப்பாளராக உங்கள் ஆளே இருக்க வேண்டும் என்பதில்லை. இங்கே வசிக்கும் நம்பிக்கையான எவரையும் மூன்றாவதாக நியமிக்கலாம். எங்கள் அலுவலகத்திலேயே ஒழுங்கு செய்து தருகிறோம். உங்கள் மருமகன் குடும்பத்தைப் பிரிந்து வரத் தேவையில்லை."

அந்தக் கடிதத்தை அரிசி வாளிக்கு அடியில் வைத்திருந்தேன். இத்துடன் "அ" என்று குறியிட்டு இணைத்திருக்கிறேன். கொஞ்சம் தவிடு ஒட்டியிருக்கும், மன்னிக்கவும்.

ஜூன் மாதம் மருமகன் போனார். றிப்னாவுக்கு அப்போது வயிற்றில் ஒன்றரை மாதம். விமான நிலையத்துக்கு வேன் போன கையோடு நான் ஹோலுக்குள் வந்து இரண்டு ஜன்னலையும் திறந்தேன். கதிரை குளிர்ந்து போயிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறைக்க ஒன்றுமில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தேன். இரண்டு நாள் அழுதுவிட்டு றிப்னாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கச்சான் வாங்கி வைத்திருந்தேன்.

நூற்றெண்பத்திரண்டு நாள் என்பது பாதி வருடம். மற்றப் பாதியில் அவர் வந்து நிற்பார் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆகவே மற்றப் பாதியையும் கவனித்தேன். வருடாந்தப் படிவத்துக்குப் பணிப்பாளர் அங்கே நேரில் நிற்க வேண்டும் என்றேன். அதைப் போனிலேயே முடிக்கலாம். பணிப்பாளர் சபைக் கூட்டம் வருடத்துக்கு நான்கு நடத்த வேண்டும் என்றேன். அது சட்டம்தான். வீடியோவில் நடத்தலாம் என்பதும் சட்டம்தான், அந்தப் பாதியை வாசிக்காமல் விட்டேன். விசா புதுப்பிப்பு என்று இரண்டு மாதம் கழிந்தது. அவர் டிக்கட் போடுவதற்குள் எனக்கு ஏதாவது ஒரு பிரிவு ஞாபகம் வந்துவிடும்.

பிள்ளை பிறப்பதற்கு வரப் பார்த்தார். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். நான் எட்டு நாள் கொடுத்தேன். றிப்னா கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்த அன்று மருமகன் ஈரோட்டில் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து, தன்னைத் தானே தலைவராகப் பிரேரித்து, கடந்த கூட்டக் குறிப்பை வாசித்து ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஒருவர் மட்டும் இருந்த கூட்டம் செல்லாது, அதையும் நான் சொல்லவில்லை. குறிப்பு என்னிடம் இருக்கிறது. "கூட்டம் நாலு மணிக்கு ஸலவாத்துடன் நிறைவுபெற்றது" என்று எழுதியிருக்கிறார். பிள்ளை பிறந்தது மூன்று ஐம்பதுக்கு.

பிள்ளைக்கு மூன்று மாதமாக இருக்கும்போது ஒன்பது நாள் வந்துவிட்டுப் போனார். எப்படி வந்தார் என்றால் எனக்கு அப்போது காய்ச்சல், பிரிவு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் அதே கதிரையில் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு இருந்தார். பிள்ளை அவருடன் தூங்கியது, என்னுடன் தூங்காது. நான் குசினியில் காய்ச்சலுடன் இருந்தேன்.

அதற்குப் பிறகு றிப்னாதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"உம்மா, அவருக்கு வர ஏலாட்டி நான் புள்ளையையும் கூட்டிட்டு அங்க போய் இருந்தா என்ன?"

அதைத் தடுக்கும் பிரிவு ஒன்றும் என் ஞாபகத்தில் இருக்கவில்லை. சட்டத்திலும் இருக்கவில்லை. காதியார் அவர்களே, இதுவரை நான் செய்ததெல்லாம் சட்டத்தில் பாதியை வாசித்தது மட்டும்தான். பாதியை வாசிப்பது குற்றமா என்று கேட்டால் சாமித்தம்பி சேர் ஒரு மணி நேரம் வாதாடுவார். அன்றைக்கு நான் செய்தது வேறு.

"ஏலா மகள். ஒரு பணிப்பாளர் இந்தியாவுல இரிக்கணும், மத்தவர் இலங்கையில இரிக்கணும். அப்பிடித்தான் சட்டம்" என்றேன்.

அப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலும் இல்லை. அது நான் இயற்றியது. அரிசி களைந்துகொண்டே இயற்றினேன்.

அவள் அதை அவருக்குச் சொன்னாள். அவர் நம்பினார். ஐந்தாறு மாதம் போக, நம்பினாரா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. வர விருப்பமில்லாமல் சட்டத்தைச் சாட்டுச் சொல்கிறாரோ என்று அவள் நினைத்தாள். கூப்பிட்டும் வராமல் சட்டத்தைச் சாட்டுச் சொல்கிறாளோ என்று அவர் நினைத்தார். கம்பனியை மூடிவிடுவோம் என்று ஒருமுறை சொன்னார்களாம். மூடுவது தொடங்குவதை விடக் கஷ்டம் என்று நான் சொல்லி அனுப்பினேன். போனில் கதைப்பது குறைந்தது, கதைத்தால் சண்டை. பிள்ளைக்கு வாப்பா என்றால் போன்தான். யாருடைய போனைக் கண்டாலும் "வாப்பா" என்று கன்னத்தில் வைத்துக்கொள்ளும். ஊரார் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன்.

றிப்னா ஒருநாள் ஜன்னலுக்குக் கீழே கச்சானை வைத்துக்கொண்டு உடைக்காமல் இருந்தாள். "உம்மா, அவருக்கு நான் வேணாம் போல" என்றாள். பிறகு இங்கே வந்து மனுப் போட்டாள்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். மனச்சாட்சி உறுத்தியது என்று எழுதத்தான் இருந்தேன். எழுதியும் பார்த்தேன், வாசிக்க நன்றாக இருந்தது. ஆனால் இது சத்தியத்தின் மேல் சொல்வது. போன வெள்ளிக்கிழமை அட்டாளைச்சேனையில் இருந்து தரகர் வந்தார். றிப்னாவுக்கு வயது இருக்கிறது, வழக்கு முடிந்து இத்தாக் காலம் முடிய ஒரு நல்ல இடம் இருக்கிறது என்றார். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டேன். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணினியில் இங்கிலீஷ் படிப்பிக்கிறாராம். எங்கே இருந்து என்று கேட்டேன். "வீட்டில இருந்துதான், வெளிய போற வேலையே இல்ல" என்று பெருமையாகச் சொன்னார்.

ஆகவே இந்த நிக்காஹை முறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மருமகன் மனைவியை விட்டுவிட்டுப் போகவில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மேற்கூறியவை யாவும் உண்மை. ஸம்ஸியா, கையொப்பம்.

எழுதிக்கொண்டு வந்தது இவ்வளவுதான். இனிச் சொல்வதை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

றிப்னா என் பக்கத்தில் இல்லை. அரிசி களைந்த இடம் வரும்போது எழும்பினாள், நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. பிள்ளையுடன் திரையை விலக்கிக்கொண்டு உங்கள் பக்கம் போய்விட்டாள். அவள் அழுவது கேட்கிறது. பிள்ளை உங்கள் மேசையில் இருக்கும் போனை எடுத்திருக்க வேண்டும், "வாப்பா" என்கிறது. அந்தச் செருமலைக் காணவில்லை.

இப்போது மருமகன் கதைக்கிறார். வழக்கத்தை விடவில்லை, நல்ல பிள்ளை. எனக்குச் சொல்வதை உங்களிடம் சொல்கிறார்.

"மாமிக்கிட்டச் சொல்லுங்க காதியார். ஹோல் வேணும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பியிருந்தா நான் அறைக்குள்ள போயிருந்து வேல செஞ்சிருப்பன். எனக்கு அந்தக் காத்து ஒத்துக்கிறதே இல்ல. செருமல் அதாலதான்."

கேட்டது என்று அவரிடம் சொல்லுங்கள். ஹோலைத் தாருங்கள் என்று ஒரு மாமி மருமகனிடம் எப்படிக் கேட்பது? வெட்கம் இல்லையா?

றிப்னா என்ன சொல்கிறாள்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள், திரைக்கு இந்தப் பக்கம் சரியாகக் கேட்காது.

"வழக்க வாபஸ் வாங்குறன் காதியார். நாங்க மூணு பேரும் ஈரோட்டுக்குப் போறம். வீட்ட உம்மாவே வெச்சிக்கட்டும்."

நல்லது. ஹோல் காலையில் இருந்து இரவு வரைக்கும் இனி என்னுடையது. நான் கேட்டதும் அதைத்தான், அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செருப்புச் சத்தம் கேட்கிறது. போகிறார்களா? ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள், காதியார் அவர்களே. பணிப்பாளர்களில் ஒருவர் இலங்கையில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு உண்மையாகவே இருக்கிறது. நான் எங்கேயோ வாசித்திருக்கிறேன்.